வெளியே கிடக்கும் கடவுச்சொற்கள்

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



2023 அக்டோபரில் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. உமிழ்நீரை ஒரு சிறு குழாயில் பிடித்து அனுப்பினால் மரபணுவைப் படித்து, உங்கள் முன்னோர் எந்தப் பகுதியினர், உங்களுக்குத் தூரத்துச் சொந்தம் யார் யார் என்று சொல்லும் நிறுவனம் அது. முதலில் வெளியே வந்த பட்டியலுக்கு விற்றவர்கள் இட்ட தலைப்பு, அஷ்கெனாசி யூதர்கள். அடுத்து வந்தது சீன வம்சாவளியினரின் பட்டியல். இன அடையாளம் குறித்த பெயர்ப்பட்டியல் ஒன்று காசுக்குக் கிடைக்கிறது என்றால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, இருபதாம் நூற்றாண்டு வரலாறு படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் திருட்டில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். திருடர்கள் நேரடியாக உள்ளே நுழைந்த கணக்குகள் சுமார் 14,000. அந்நிறுவனத்தின் மொத்த வாடிக்கையாளரில் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் விவரம் பறிபோனவர்கள் 69 லட்சம் பேர். உறவினரைக் கண்டுபிடித்துக் காட்டும் வசதி அங்கே இருந்தது. ஒருவர் கணக்கில் நுழைந்தால் அவரோடு மரபணு ஒத்துப்போகிற நூற்றுக்கணக்கானவர்களின் விவரம் திரையில் வந்துவிடும். அந்த வழியில் 55 லட்சம் பேர், குடும்ப மர வசதியின் வழியில் 14 லட்சம் பேர்.

அந்த 14,000 கணக்குகளுக்குள் எப்படிப் போனார்கள்? சர்வரை யாரும் உடைக்கவில்லை. வேறு தளங்களிலிருந்து எப்போதோ கசிந்த மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் எடுத்து, இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது திறந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கி ஐந்து மாதம் இது நடந்தது. ஆகஸ்டில், பெருமளவு தரவைத் திருடிவிட்டதாக ஒருவர் சொன்னபோது, அது புரளி என்று நிறுவனம் தள்ளிவிட்டது. அக்டோபரில் ரெடிட்டில் விற்பனை விளம்பரம் ஓர் ஊழியரின் கண்ணில் பட்ட பிறகுதான் விழித்துக்கொண்டது.

பிறகு பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தபோது, நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் பதில் எழுதினார்கள்: பழைய கடவுச்சொல்லையே இங்கும் பயன்படுத்திய வாடிக்கையாளர்களின் அலட்சியம்தான் காரணம் என்று. அந்த 14,000 பேர் விஷயத்தில் வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். மீதி 68 லட்சத்துச் சொச்சம் பேர் என்ன பிழை செய்தார்கள்? அவர்களில் எத்தனையோ பேர் நீளமான, வேறெங்கும் புழங்காத கடவுச்சொல் வைத்திருந்திருப்பார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 ஜூனில் இந்நிறுவனத்துக்கு 23.1 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கவில்லை, கடவுச்சொல் விதிகள் போதுமானவையாக இல்லை என்பவை அது சொன்ன காரணங்களில் உண்டு. அதற்குள் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வெளியே கசிந்து கிடக்கும் கடவுச்சொற்களில் எத்தனை தம் தளத்தில் செல்லும் என்பதை எண்ணிப் பார்ப்பது அந்தத் தளத்தை நடத்துபவரின் கடமை. எண்ண முடியும், அதற்கு வழிகள் இருக்கின்றன. எண்ணாமல் இருந்துவிட்டுப் பயனர்மீது பழியைப் போடுவது அநியாயம்.

கடவுச்சொல் திருட்டு ஏறக்குறையக் கடவுச்சொல்லின் வயதே உடையது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாட்டை அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ 1961இல் உருவாக்கியபோது, ஒவ்வொருவரின் கோப்புகளையும் தனித்தனியாகப் பிரித்துவைக்கக் கடவுச்சொல்லைக் கொண்டுவந்தார். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு, வாரத்துக்கு ஒதுக்கியிருந்த 4 மணி நேரம் போதவில்லை. பிறர் பெயரில் நுழைந்து கூடுதல் நேரம் பெறுவதற்காக, கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி துளை அட்டையில் ஒரு கோரிக்கை போட்டார். இயந்திரம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. எல்லாருடைய கடவுச்சொல்லும் படிக்கக்கூடிய எழுத்தாக, அப்படியே.

அதற்கு 47 ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் கசிந்தன. அவையும் படிக்கக்கூடிய எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்தன. 1-2-3-4-5-6 என்பதையே வைத்திருந்தவர்கள் மட்டும் சுமார் 2,90,000 பேர். இன்றைக்கும் கடவுச்சொல் உடைப்பவர்கள் முதலில் கையில் எடுக்கும் பட்டியல் இந்த ராக்யூ பட்டியல்தான்.

லிங்க்டின் கசிவு இன்னும் முக்கியமானது. 2012 ஜூனில் 65 லட்சம் கடவுச்சொற்களின் ஹேஷ் வடிவம் ரஷ்யத் தளம் ஒன்றில் வெளியானது. கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் கணித முறையில் அரைத்து, திரும்ப ஒட்டவைக்க முடியாத ஒரு வரிசையாக மாற்றி வைப்பதுதான் ஹேஷ். லிங்க்டின் ஷா-1 முறையில் அரைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கலக்க வேண்டிய சால்ட் என்ற தற்செயல் எழுத்துக்கோவையைக் கலக்கவில்லை. அதனால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்த ஆயிரம் பேருக்கும் ஒரே வரிசை. ஒன்றை உடைத்தால் ஆயிரமும் உடைந்தன. அப்போது பாதிக்கப்பட்டதாகக் கருதிய கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னதோடு விஷயம் முடிந்தது என்று உலகம் நினைத்தது. 2016 மே மாதம் அதே திருட்டிலிருந்து 11.7 கோடி மின்னஞ்சல்-கடவுச்சொல் இணைகள் விற்பனைக்கு வந்தன. நடுவில் நான்கு ஆண்டுகள் அவை யார் யார் கையில் இருந்தன?

ஒரு பதில் டிராப்பாக்ஸிலிருந்து கிடைத்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் லிங்க்டினில் வைத்த கடவுச்சொல்லையே அலுவலகத்திலும் வைத்திருந்தார். அந்த வழியாகத்தான் 2012இல் திருடர்கள் உள்ளே வந்தார்கள். போனது 6.8 கோடி பேரின் விவரம் என்பது வெளியே தெரிய 2016 ஆகிவிட்டது. ஒரு தளத்தின் கசிவு இன்னொரு தளத்தின் வாசலாக மாறுவது இப்படித்தான்.

நம் நாட்டில் இதற்குச் சொமாட்டோவைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2017 மே மாதம் அங்கிருந்து 1.7 கோடிப் பயனர்களின் விவரம் போனது. எப்படிப் போனது என்பதை அந்த நிறுவனமே பின்னர் வெளிப்படையாக எழுதியது; அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். 000வெப்ஹோஸ்ட் என்று இலவசமாக இணையதளம் வைத்துக்கொள்ள இடம் தரும் ஒரு சேவை. அங்கிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் படிக்கக்கூடிய எழுத்தாகக் கசிந்தது 2015இல் தெரியவந்தது. சொமாட்டோவின் மென்பொருள் பொறியாளர் ஒருவருக்கு அங்கே சொந்தக் கணக்கு இருந்தது. அதே மின்னஞ்சல், அதே கடவுச்சொல், நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்திலும். கிட்ஹப்பில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடவில்லை. திருடர் அதற்குள் போய் நிறுவனத்தின் நிரல்களைப் படித்து, அவற்றில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, தரவுத்தளத்துக்குள் இறங்கினார்.

இதில் சொமாட்டோ தளத்தை மட்டும் எத்தனை முறை சோதித்திருந்தாலும் இந்த வழி தென்பட்டிருக்காது. வாசல் வேறொரு நாட்டு நிறுவனத்தின் இலவசச் சேவையில், ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தது. வழக்கமான பாதுகாப்புச் சோதனை அறிக்கையில் சர்வரின் பதிப்பு எண், சான்றிதழ் காலாவதி, படிவங்களில் உள்ள ஓட்டைகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். வேலை பார்ப்பவர்களின் கடவுச்சொற்கள் வெளியே எங்கே கிடக்கின்றன என்று ஒரு பக்கம்கூட இருக்காது. அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2019இல் கூகுளும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. குரோம் உலாவியில் ஒரு நீட்சியைச் சேர்த்துக்கொண்ட சுமார் 6.7 லட்சம் பேரின் 2.1 கோடி உள்நுழைவுகளைப் பார்த்தார்கள். அவற்றில் 1.5 சதவீதம், ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களைக் கொண்டு நடந்தவை. பாதுகாப்பில் அக்கறை எடுத்து நீட்சியைப் போட்டுக்கொண்டவர்களிடமே இந்த அளவு! எச்சரிக்கை கிடைத்த பிறகு கடவுச்சொல்லை மாற்றியது நூற்றுக்கு 26 எச்சரிக்கைகளில்தான். பயனருக்குப் புத்தி சொல்வதை மட்டும் நம்பி ஒரு தளத்தை நடத்த முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடந்த சில ஆண்டுகளில் கசிவின் தன்மையே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு தளம் உடைந்தால் அந்தத் தளத்தின் பட்டியல் வெளியே வரும். இப்போது ஸ்டீலர் என்று தொழிலில் சொல்லப்படும் நிரல்கள் தனித்தனிக் கணினிகளில் புகுந்து, உலாவியில் சேமித்து வைத்திருக்கிற எல்லாக் கடவுச்சொற்களையும் ஒரே அள்ளாக அள்ளிப்போகின்றன. ரெட்லைன், ரக்கூன், விடார், லும்மா என்று பல பெயர்கள். 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவு வரைக்குமான இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் லும்மாவைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. திருட்டுப் பதிப்பு மென்பொருள், விளையாட்டுக்கான இலவச ஏமாற்று நிரல், போலியான புதுப்பிப்பு அறிவிப்பு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டுதான் இவை பெரும்பாலும் வருகின்றன.

இவை விட்டுச்செல்லும் பதிவு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு வரிக்கு மூன்று துண்டு. முதலில் தளத்தின் உள்நுழைவுப் பக்க முகவரி. ஒரு முக்காற்புள்ளி. பயனர் பெயர். இன்னொரு முக்காற்புள்ளி. கடவுச்சொல். அவ்வளவுதான். அடுத்த வரியில் அதே ஆளின் வங்கி, அதற்கடுத்து மின்சார வாரியக் கட்டணம், அதற்கடுத்து அலுவலகத்தின் நிர்வாகப் பக்கம். ஒரு மனிதரின் ஒரு மாத வாழ்க்கை அப்படியே வரிசையாக இருக்கும். முதல் துண்டில் தளத்தின் முகவரியே இருப்பதால், வாங்குபவர் எதையும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்தக் கடவுச்சொல் எந்தத் தளத்துக்கு என்று எழுதியே இருக்கிறது. கூடவே உலாவியின் குக்கீகளும் போகும். ஏற்கெனவே உள்நுழைந்திருப்பவரின் குக்கீ கையில் இருந்தால் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ என்ற மென்பொருள் சேவை நிறுவனத்தில், ஒரு பொறியாளரின் மடிக்கணினியிலிருந்து போன குக்கீ இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் தாண்டி ஆளை உள்ளே கொண்டுபோய்விட்டது.

2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுச் சேமிப்புச் சேவையின் வாடிக்கையாளர்களுக்கு நடந்ததும் இதுதான். சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. டிக்கெட்மாஸ்டர், சான்டாண்டர் வங்கி, ஏடி அண்ட் டி எல்லாம் இந்த வரிசையில் உண்டு. ஏடி அண்ட் டியில் 2022இன் ஆறு மாத காலத்துக்குக் கிட்டத்தட்ட எல்லாக் கைப்பேசி வாடிக்கையாளரும் யாரோடு பேசினார்கள் என்ற பதிவுகள் போயின. விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம் கண்டது: ஸ்னோஃப்ளேக்கின் சொந்த அமைப்பு உடைக்கப்படவில்லை. வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் ஸ்டீலர் பதிவுகளில் கிடந்தன. சில 2020 நவம்பரிலேயே திருடப்பட்டவை. அதுவரை யாரும் மாற்றவில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. ஒப்பந்த வேலைக்கு வந்தவர்களின் சொந்த மடிக்கணினிகள் சிலவற்றில் விளையாட்டும் திருட்டு மென்பொருளும் இருந்தன, அங்கேதான் நோய் தொற்றியது.

சரி, எண்ணுவது எப்படி?

வெளியிலிருந்து தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட், 2013இல் அடோபியிலிருந்து 15 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் கசிந்ததைப் பார்த்து, அந்த டிசம்பரில் ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தைத் தொடங்கினார். தனி ஆள் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். ஒரு டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால், அந்த டொமைனில் உள்ள எந்தெந்த முகவரிகள் எந்தெந்தக் கசிவில் வந்திருக்கின்றன என்று முழுப் பட்டியலையும் அது தரும் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. 2025 பிப்ரவரியில் 28.4 கோடி முகவரிகள் கொண்ட ஸ்டீலர் பதிவுத் தொகுப்பு ஒன்றை அதில் சேர்த்தபோது, தளம் நடத்துபவர்கள் தம் தளத்தின் முகவரியைக் கொண்டே தேடும் வசதியும் வந்தது. உங்கள் தளத்துக்குள் வரும் எந்தெந்தப் பயனரின் கணினியில் ஸ்டீலர் புகுந்திருக்கிறது என்று அதில் தெரியும்.

பட்டியல் கையில் வந்ததும் பதறக் கூடாது, படிக்க வேண்டும். ஒரு கல்லூரியின் தளத்தை நான் ஆராய்ந்தபோது பட்டியல் மிக நீளமாக வந்தது. முதல்வரின் முகம் வெளுத்துவிட்டது. பார்த்தால் பெரும்பாலானவை பழைய மாணவர்களுக்குக் கொடுத்து மூடிவிட்ட முகவரிகள். இன்னும் பலவற்றில் மின்னஞ்சலும் பெயரும் மட்டும்தான் கசிந்திருந்தன, கடவுச்சொல் இல்லை. அவற்றையெல்லாம் தள்ளினால் மிஞ்சியதில் ஒரு வரி மட்டும் எங்களை நிறுத்தியது: கட்டணப் பிரிவின் பொது மின்னஞ்சல், ஸ்டீலர் பதிவில். ஐந்து பேர் சேர்ந்து புழங்கும் முகவரி. கட்டணத் தளத்தின் அட்மின் பெயரும் அதுவே. அந்தப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கடவுச்சொல் மாறவில்லை. யார் வீட்டுக் கணினியிலிருந்து போனது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை, ஏனென்றால் ஐந்து பேரும் ஒரே பெயரில் வருகிறார்கள். நூற்றுக்கணக்கான வரிகளைவிட அந்த ஒரு வரிதான் அந்தக் கல்லூரியின் ஆபத்து.

ஆகவே எண்ணிக்கையைப் பார்க்கும்போது கூடவே கேட்க வேண்டியவை உண்டு. கசிந்தது எந்த ஆண்டு? கடவுச்சொல்லும் போனதா? அந்த ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா? அவருக்கு என்ன அதிகாரம்? இந்த நான்கையும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதிவிட்டால், பட்டியல் தானாகச் சுருங்கும்.

அடுத்தது பயனர்களின் கடவுச்சொல். ஒருவர் உள்ளே நுழையும்போதும், புதிதாகச் சேரும்போதும், கடவுச்சொல்லை மாற்றும்போதும், அந்த ஒரு கணம் மட்டும் உங்கள் சர்வருக்கு உண்மையான கடவுச்சொல் தெரியும். அப்போதே அது கசிந்த ஒன்றா என்று பார்த்துவிடலாம். இதற்காகக் கடவுச்சொல்லை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஜுனைத் அலி வகுத்த முறை அழகானது. ஒரு பயனர் பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லையே கடவுச்சொல்லாக வைக்கிறார் என்று கொள்ளுங்கள். அதை ஷா-1 முறையில் அரைத்தால் 40 எழுத்து வரிசை வரும். அது 5, பி, ஏ, ஏ, 6 என்று தொடங்கும். உங்கள் சர்வர் இந்த ஐந்தை மட்டும், கசிந்த கடவுச்சொற்களைச் சேமித்து வைத்திருக்கும் வெளிச் சேவை ஒன்றுக்கு அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த வரிசைகள் ஏராளமாகத் திரும்பி வருகின்றன. மீதி 35 எழுத்தும் பொருந்துகிறதா என்று உங்கள் சர்வரே பார்த்துக்கொள்கிறது. கேட்கப்பட்டவருக்கு எது தேடப்பட்டது என்றே தெரியாது. கடவுச்சொல்லைக் கசிந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே எழுதிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்று, பெரிய எழுத்து வை, குறி வை என்று கட்டாயப்படுத்தும் பழைய பழக்கத்தை விடவும் சொன்னது. நம் ஊர்ப் பல தளங்களில் இன்னும் தலைகீழாகத்தான் நடக்கிறது: பள்ளியின் பெயர், அட் குறி, 123 என்று வைத்தால் எல்லா விதியும் நிறைவேறிவிடும், உள்ளே விட்டுவிடும்.

ஒரு மாதம் இப்படி எண்ணினால் உங்கள் தளத்துக்கென்று ஒரு சதவீதம் கிடைக்கும். யாருடையது என்று எழுதிவைக்க வேண்டாம், எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் குறியுங்கள். கூகுள் கண்ட 1.5ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உள்நுழைவுப் பதிவேட்டையும் திறந்து பார்க்க வேண்டும். சாதாரண மனிதர் கடவுச்சொல்லை மறந்தால், ஒரே பெயரில் மூன்று நான்கு முறை தவறாக அடிப்பார், பிறகு மாற்றிக்கொள்வார். கசிந்த பட்டியலைக் கொண்டு முயல்பவரின் தடம் வேறு மாதிரி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு முயற்சி. ஆயிரக்கணக்கான பெயர்கள். அவற்றில் பெரும்பாலானோர் உங்கள் தளத்தில் கணக்கே இல்லாதவர்கள். இல்லாத கணக்குக்கான முயற்சிகள் ஒரு நாளில் திடீரென்று ஏறுகிறதென்றால் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பல தளங்கள் இதைப் பதிவதே இல்லை. மூன்று முறை தவறினால் பூட்டு என்ற விதியும் இங்கே உதவாது, ஏனென்றால் யாருமே மூன்று முறை தவறுவதில்லை. முயற்சிகள் பல ஊர் இணைப்புகளிலிருந்து சிதறி வருவதால், முகவரியைத் தடுப்பதும் பாதிதான் பயன்படும். பதிவேடு வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவசரத்தில் பயனர் பெயர்க் கட்டத்திலேயே கடவுச்சொல்லை அடித்துவிடுபவர்கள் உண்டு. அடித்ததை அப்படியே பதிந்தால் பதிவேடே ஒரு கசிவாகிவிடும்.

பிறகு 23அண்ட்மீ கற்பித்த கேள்வி. ஒரு சாதாரணக் கணக்கு பறிபோனால் அதன் வழியாக எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஒரு பள்ளியின் ஆசிரியர் கணக்கில் அவர் வகுப்பு 40 பிள்ளைகள் தெரிந்தால் போதும். பல தளங்களில் பள்ளி முழுவதும் தெரிகிறது: பெற்றோரின் கைப்பேசி எண், வீட்டு முகவரி, பேருந்து நிறுத்தம் உட்பட. மதிப்பீட்டில் இந்தப் பெருக்கல் எண்ணுக்குத் தனி இடம் கொடுங்கள். கசிந்த கணக்குகள் எத்தனை என்பதை இதனோடு பெருக்கினால்தான் உண்மையான அளவு தெரியும்.

உங்கள் பக்கம் கடவுச்சொற்கள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்பதும் இதே மதிப்பீட்டில் அடங்கும், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் கசிந்தால் அது இன்னொரு தளத்தின் வாசல். 1999இல் வந்த பிகிரிப்ட், 2015இல் கடவுச்சொல் ஹேஷ் முறைகளுக்கான போட்டியில் வென்ற ஆர்கான்2 போன்ற மெதுவான ஹேஷ் முறைகள் இருக்கும்போது ஷா-1இல் வைத்திருப்பதற்குச் சமாதானமே கிடையாது. ஒரு சோதனையை நீங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்துங்கள். உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புகிறதா? அப்படியானால் அந்தத் தளம் அதைத் திரும்ப எடுக்கிற நிலையில்தான் வைத்திருக்கிறது. அங்கே வைத்ததை வேறெங்கும் வைக்காதீர்கள், அந்தத் தளத்தாருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கசிந்த தொகுப்புகளை விலை கொடுத்து வாங்காதீர்கள், திருடனுக்கு வருமானம் தருவது ஆராய்ச்சியாகாது. கண்ணில் பட்ட ஒரு கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று பிறர் கணக்கில் போட்டுப் பார்க்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவை மீறுவதாகலாம். எழுத்து மூலம் அனுமதி இல்லாத எந்தத் தளத்தையும் தொடாதீர்கள்.

தளம் வைத்திருப்பவர்களுக்கும் சட்டம் நெருங்கி வந்துவிட்டது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. ஆனால் தண்டத்துக்குப் பயந்து செய்கிற வேலை காகிதத்தோடு நின்றுவிடும். தரவு என்று நாம் சொல்வது யாரோ ஒரு பெண்ணின் கைப்பேசி எண், யாரோ ஒரு முதியவரின் மருந்துச் சீட்டு. நம்மை நம்பிக் கொடுத்தார்கள்.

கண்டுபிடித்த பிறகு என்ன? அட்மின் கணக்குகளை முதலில் எடுங்கள். ஒருவருக்கு ஒரு கணக்கு, பொதுக் கணக்கு கூடாது, எல்லாவற்றுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. முடிந்தால் பாஸ்கீ. அதில் திருடிக்கொண்டுபோக ஒரு கடவுச்சொல்லே இருப்பதில்லை. 23அண்ட்மீ எல்லா வாடிக்கையாளருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது 2023 நவம்பரில், எல்லாம் போன பிறகு. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அந்தக் கணக்கில் திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் சர்வரிலிருந்தே துண்டியுங்கள், இல்லாவிட்டால் களவுபோன குக்கீ மறுநாளும் வேலை செய்யும். ஸ்டீலர் புகுந்த கணினியைச் சுத்தம் செய்யாமல் அதிலேயே புதுக் கடவுச்சொல்லை அடித்தால் அதுவும் மாலைக்குள் போய்விடும். ஆகவே வேறொரு கருவியிலிருந்து மாற்றச் சொல்லுங்கள்.

பயனர்களுக்கு எழுதும் மின்னஞ்சலில் என்ன கசிந்தது, எப்போது தெரிந்தது, நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை நேரடியாகத் தமிழில் எழுதுங்கள். அவர்களைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் வேண்டாம். அந்த மின்னஞ்சலில் அழுத்திப் போக ஒரு இணைப்பும் வைக்காதீர்கள். கசிவுச் செய்தி பரவிய அன்றே உங்கள் பெயரில் போலி மின்னஞ்சல்கள் கிளம்பும், அவை எல்லாவற்றிலும் ஒரு இணைப்பு இருக்கும். தளத்தின் முகவரியை அவர்களே அடித்து உள்ளே வரட்டும். எழுத்தில் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு தொலைபேசி எண் கொடுங்கள், அதன் மறுமுனையில் பதில் சொல்லத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.